கேஜ் வீலும் தார் ரோடும்: அந்த அரை மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

ஜனவரி மாசம் ஒரு ராத்திரி, சம்பா அறுப்பு நேரம். மெஷினுக்குச் சொல்லிட்டு, எப்ப வரும்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின்காரர் கூப்பிடுவார்னு பார்த்தா அக்கா மகன் வீடியோ கால்ல வர்றான், டொரண்டோ பக்கத்துல இருந்து. பின்னால ஒரே வெள்ளை. "மாமா, நீங்க சேத்துல டிராக்டர் ஓட்டுறீங்களே, வழுக்காதா? என் வண்டி வாசல்லயே நின்ன இடத்துல சுத்துது"ங்கிறான்.

அங்க வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல கார் ஏறி இறங்க ஒரு பாதை. பனி கொட்டுனா அதைத் தள்ளினாத்தான் வண்டியை வெளியில எடுக்கலாம். தன் வீடு, அக்கம்பக்கத்து வீடுன்னு தள்ளிக்கொடுக்க ஒரு குட்டி டிராக்டர் வாங்கியிருக்கான். முன்னால பனி தள்ளுற தகடு. நம்ம ஊர்ல தென்னந்தோப்புக்குள்ள ஓட்டுற குட்டை டிராக்டர் இருக்கே, கிட்டத்தட்ட அந்த அளவு.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நான் இருக்கிறது கூத்தாநல்லூர் பக்கம். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவுல. இந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ வளைகுடாவிலயோ இருப்பாங்க. வெளிநாட்டுக் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா பனிக்கு யோசனை கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை.

சிரிச்சு முடிச்சப்புறம் யோசிச்சுப் பார்த்தா அவன் பிரச்சினையும் என் பிரச்சினையும் ஒண்ணுதான்னு பட்டுச்சு. ரெண்டு பேருக்கும் வண்டியில குதிரை சக்தி இருக்கு. தரையில பிடிமானம் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கணும். நகரத்துல இருக்கிற நண்பர்கள் டிராக்டர்னா எஞ்சின்தான் எல்லாம்னு நினைக்கிறாங்க. எத்தனை ஹெச்பினு முதல் கேள்வி கேட்பாங்க. எஞ்சின் கொடுக்கிற பலம் மண்ணுக்குப் போய்ச் சேர்ற இடம் பின்டயர் தரையைத் தொடுற அந்த ரெண்டு முறம் அளவு இடம்தான். அங்க பிடி இல்லைன்னா ஐம்பது ஹெச்பியும் டீசலைப் புகையா விடறதுக்குத்தான்.

காய்ஞ்ச நிலத்துல பிடி வர்றது எடையால. வண்டி கனமா இருந்தா டயர் மண்ணை அழுத்தும், அழுத்தினா உராய்வு கூடும். அதனாலதான் கோடை உழவுக்குப் பின்டயர் டியூப்ல முக்கால்வாசி தண்ணி ஏத்துறது. ஹாரி பெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரர், கலப்பையை வண்டியோட மூணு இடத்துல கோத்து, கலப்பை இழுக்கிற இழுவையே பின்சக்கரத்தை அழுத்துற மாதிரி பண்ணினார். 1939ல் ஃபோர்டு டிராக்டர்ல அது வந்துச்சு. இன்னைக்கு நம்ம தெருவுல போற எல்லா டிராக்டருக்குப் பின்னாலயும் இருக்கிற அந்த மூணு கை அவர் யோசனைதான்.

சேத்துல இந்தக் கணக்கு தலைகீழ். தொளியாகிப்போன களிமண்ணுல உராய்வுன்னு ஒண்ணு ஏறக்குறைய கிடையாது. எடை ஏத்தினா பிடி கூடாது, வண்டி புதையும். டயர் பட்டைக்கு நடுவுல களி அப்பிக்கிட்டா அது டயரே இல்ல, வழுக்குற உருளை. டயர் கம்பெனிக்காரங்க நெல்லுக்கும் கரும்புக்கும்னே சாதாரண உழவு டயரைப் போல ரெண்டு மடங்கு ஆழமான பட்டை வச்ச டயர் செய்யறாங்க. ஆர்-2ன்னு அதுக்குப் பேரு. நம்ம பக்கம் அதைவிடச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. அதுதான் கேஜ் வீல், இரும்புக் கூண்டுச் சக்கரம்.

பார்த்திருப்பீங்க. ரெண்டு மூணு இரும்பு வளையம், குறுக்கே வரிசையா இரும்புப் பட்டை. சேத்துக்குள்ள இறங்கினா அந்தப் பட்டைகள் துடுப்பு போடற மாதிரி மண்ணைப் பின்னால தள்ளும். அகலம் அதிகம், அதனால புதையாது. நடுவுல வெற்றிடம், அதனால களி ஒட்டினாலும் உதிர்ந்துடும். வருஷக்கணக்கா உழுது உழுது மேல்சேத்துக்கு அடியில ஒரு இறுகின தட்டு உருவாகியிருக்கும். பட்டையின் நுனி அந்தத் தட்டைத் தொட்டு உந்தும். சக்கரம் வழுக்கிச் சுத்தினாலும் நஷ்டமில்லை, அந்தச் சுத்தலே சேத்தை மசிச்சுக் கொடுக்கும். மசிஞ்சாத்தான் தண்ணி கீழே ஒழுகாம நிக்கும், களையும் அமுங்கும். எருமை மாட்டுக் குளம்பு சேத்துல விரிஞ்சு நின்ன காலத்துக்கு அப்புறம் நம்ம வயலுக்கு ஏத்த கால் இதுதான்.

ஒரு வேடிக்கை பாருங்க. டிராக்டர் பிறந்தப்போ இரும்புச் சக்கரத்தோடதான் பிறந்துச்சு. அமெரிக்காவுல 1932ல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன்னோட 'யு' மாடலுக்குக் காத்தடைச்ச ரப்பர் டயர் போட்டு வித்துச்சு. அதுக்கப்புறம் சில வருஷத்துல இரும்புச் சக்கரம் போன இடம் தெரியல. காத்து டயர்ல உழவும் வேகம், ரோட்டுலயும் போகலாம், ரோடும் தப்பிச்சுது. அவங்க இரும்பைக் கழட்டி ரப்பர் போட்டாங்க. நாம சேத்துக்காக ரப்பரைக் கழட்டி இரும்பு போடறோம். அதுல தப்பே இல்லை. திரும்பப் போட வேண்டிய நேரத்துல ரப்பரைப் போடறதில்லை, தப்பு அங்கதான்.

மருமகனுக்கு வருவோம். அவன் வண்டியில முன்னால கனம் கூட, பின்னால கனம் குறைவு. முன்தகடு பனியைத் தூக்குறப்போ பின்சக்கரம் லேசாயிடும். அந்த மாதிரி சின்ன வண்டி பலதுல பிரேக்கும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். சரிவான பாதையில பின்பக்கம் லேசானா பிடியும் போச்சு, பிரேக்கும் போச்சு. அதனால பின்னால எடை கட்டு, நாலு சக்கர ஓட்டத்துல போடு, பின்டயருக்குச் சங்கிலி மாட்டுன்னு சொன்னேன். டயர்ல தண்ணி ஏத்தலாமான்னு கேட்டான். அங்க தண்ணி உறைஞ்சுடும். கால்சியம் குளோரைடு உப்புத் தண்ணியும், சர்க்கரைக் கிழங்குச் சாறுல செய்த ஒரு திரவமும் அங்க ஏத்துவாங்க. "மாமா, டயருக்குள்ள கிழங்குச் சாறா!"ன்னு சிரிச்சான்.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டான். சங்கிலி நல்லாப் பிடிக்குதாம். ஆனா பக்கத்து வீட்டம்மா கோபமா இருக்காங்களாம், அவங்க வாசல் தளத்துல சங்கிலி கோடு கோடா கீறி வச்சிருக்கு. "பனி இல்லாத இடத்துலயும் சங்கிலியோட ஓட்டிட்டேன் மாமா. கழட்டி மாட்ட இந்தக் குளிர்ல யாரால முடியும்?"

அந்த வார்த்தை என்னைச் சுருக்குன்னு குத்துச்சு. ஏன்னா அதையே எங்கிட்ட வேற ஒருத்தன் சொல்லியிருக்கான். அப்ப நான் காது கொடுத்துக் கேக்கலை.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி குறுவை உழவு. மேட்டூரை ஜூன் 12ல் திறக்கறது வழக்கம். தண்ணி நம்ம வாய்க்கால் கடைமடைக்கு வந்து சேர்ந்த வாரம், எல்லாருக்கும் ஒரே நாள்ல டிராக்டர் வேணும். எனக்குச் சொந்த டிராக்டர் கிடையாது. பக்கத்து ஊர் வண்டி, அதுக்கு ஒரு டிரைவர் தம்பி, இருபத்திமூணு இருபத்திநாலு வயசு இருக்கும். அதுக்கு முந்தின போகத்துல அவன் எங்கிட்ட கேட்டான்: "அண்ணே, வயல் ஓரத்துல வந்து வீல் மாத்த அரை மணி ஆகுது. ஜாக்கி போட ரெண்டு ஆள் வேணும். முடிச்சுட்டுத் திரும்ப டயர் மாத்த இன்னொரு அரை மணி. அந்த நேரத்தையும் கணக்குல சேர்த்துக்குங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, வண்டி வயல்ல இறங்கினதுல இருந்து ஏறுற வரைக்கும்தான் கணக்கு. ஊர் வழக்கம் அதுதான்."

ஊர் வழக்கம்தான், பொய் இல்லை. அவனும் ஊர் வழக்கப்படியே செஞ்சான். அடுத்த போகம் கேஜ் வீலைக் கழட்டாம, ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு எங்க தெரு தார் ரோட்டு மேலயே வந்தான். அந்த ரோடு போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை. 'டக டக டக'ன்னு சத்தம், ரோடு பூரா ஏணிப்படி மாதிரி வெட்டு. மழை பெஞ்சா அந்த வெட்டுல தண்ணி நிக்கும், தண்ணி நின்னா ஜல்லி பெயரும். தெருப் பொம்பளைங்க எல்லாம் வெளிய வந்து அவனைக் கண்டபடி பேசுனாங்க. நான் திண்ணையில நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அது இன்னும் மறக்கலை.

கதை அதோட முடியலை. அன்னைக்குச் சாயங்காலம், என் வயலை முடிச்சுட்டு அடுத்தது பள்ளத்து வயல். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வயல் காத்திருக்கு. அவசரம். பள்ளத்துல வண்டி அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. முன்னும் போகலை, பின்னும் வரலை. கரையில நின்னவங்க வழக்கமான வைத்தியம் சொன்னாங்க: சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டு. சக்கரம் சுத்தினா கட்டை அடியில போய் வண்டியைத் தூக்கி விடும்.

கட்டினாங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் கியர் போட்டு கிளட்சை விட்டான். கட்டை நகரலை, சக்கரமும் நகரலை. வண்டியோட மூக்கு மேல எழும்பிச்சு.

இது ஏன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். எஞ்சின் பின் அச்சைச் சுத்தப் பார்க்குது. சக்கரம் சுத்த முடியாம பூட்டிக்கிச்சுன்னா, சக்கரத்துக்குப் பதிலா வண்டி உடம்பே அச்சைச் சுத்தி எழும்பும். முன்பக்கம் மேலே போய், பின்னால மல்லாந்து விழும். ஓட்டுறவன் அடியில. ஆரம்பிச்சு முடியற வரைக்கும் ரெண்டு நொடிகூட ஆகாது. குதிச்சுத் தப்பிக்கிறதெல்லாம் சினிமாவுல. எங்க தம்பி எப்படியோ கிளட்சை மிதிச்சுட்டான். மூக்கு திரும்பச் சேத்துல வந்து விழுந்துச்சு. இறங்கி வரப்புல உட்கார்ந்தவனுக்குக் கால் நடுங்கறது நிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் நிக்கலை.

ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கு ஓட்டுநரைக் காப்பாத்துற இரும்புச் சட்டம் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க வண்டி கவிழ்ந்து சாகறது வெகுவாக் குறைஞ்சுது. நம்ம பக்கம் வண்டிக்கு மேல வெயிலுக்குப் போடற கூரைத் தகடுதான் இருக்கு. அது நிழல் கொடுக்கும், உயிர் கொடுக்காது.

வண்டி புதைஞ்சா செய்ய வேண்டியது: எஞ்சினை நிறுத்து. பின்னால மாட்டியிருக்கிறதைக் கழட்டு. சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் மண்வெட்டி போடு. முதல்ல ரிவர்ஸ்ல வரப் பாரு, ரிவர்ஸ்ல மூக்கு எழும்பாது. வரலைன்னா இன்னொரு வண்டியை வச்சு இழு. இழுக்கிற வண்டியிலயும் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில மாட்டு, மேல மாட்டினா அந்த வண்டி கவிழும். இது எதுவும் புதுசு இல்லை. ஆனா எல்லாத்துக்கும் நேரம் வேணும். அந்த நேரத்தைத்தான் நாம யாரும் கொடுக்கறதில்லை.

இப்ப என் கருத்துக்கு வரேன். தார் ரோட்டுல கேஜ் வீல் ஓடினா ரெண்டு விதமாப் பேசுவாங்க.

முதல் கட்சி: "பிடிச்சு அபராதம் போடு." சட்டம் அவங்க பக்கம்தான். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்படி ரோட்டுல ஓடற வண்டிக்குக் காத்தடைச்ச டயர் இருக்கணும். ஆனா அபராதம் யார் தலையில விழும்? அன்றைக்கு வண்டியில உட்கார்ந்திருக்கிற டிரைவர் தலையில. வண்டிக்காரர் வீட்டுல இருப்பார். "சீக்கிரம் வா, சீக்கிரம் வா"ன்னு போன் போட்ட நான் திண்ணையில இருப்பேன்.

ரெண்டாவது கட்சி, எங்க ஆளுங்க: "சோறு போடறவன் வண்டியை நிறுத்துவியா? ரோடு முக்கியமா, உழவு முக்கியமா?" இதுவும் எனக்கு ஒத்துக்காது. அந்த ரோட்டுலதான் 108 வரணும். புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போகணும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏத்திட்டுப் போற வண்டியும் அதே ரோட்டுலதான் குலுங்கணும். நம்ம ரோட்டை நாமே வெட்டிட்டு ரோடு சரியில்லைன்னு மனு எழுதறதுல என்ன நியாயம்?

பெல்ட் மெஷினைப் பாருங்க. ஈரம் காயாத வயல்ல டயர் மெஷின் இறங்க முடியாதுன்னு பெல்ட் வண்டி வரும். அதை யாராவது ரோட்டுல ஓட்டிக்கிட்டு வர்றாங்களா? லாரியில ஏத்தி வந்து வயலோரம் இறக்கறாங்க. அந்தச் செலவு மணி வாடகையிலேயே சேர்ந்திருக்கு. நாமளும் முணுமுணுத்துக்கிட்டே கொடுத்துடறோம். அறுப்புக்கு ஒரு நியாயம், உழவுக்கு ஒரு நியாயமா? வித்தியாசம் ஒண்ணுதான்: அங்க அந்த வேலைக்கு ஒரு விலை இருக்கு, இங்க இல்லை.

கனடாவுல மருமகன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல, ஆணி பதிச்ச குளிர்கால டயர் வடபகுதிக்காரங்களுக்குத்தான் அனுமதி. தெற்கே கூடாது. எங்க பனி நின்னு இறுகுதோ அங்க ஆணி, எங்க தார் தெரியுதோ அங்க வேண்டாம். எது மெத்துன்னு இருக்கிற தரையைப் பிடிக்குமோ, அது கெட்டித் தரையைக் கடிக்கும். தரை மாறுற இடத்துல கால் மாறணும். அந்த இடம் நமக்கு வயல் வரப்பு.

அதனால நான் சொல்றது இதுதான். வீல் மாத்துற நேரத்தையும் வாடகைக் கணக்குல சேர்க்கணும். ஊர்க்கூட்டத்துல பேசி எல்லாரும் ஒரே மாதிரி சேர்க்கணும். ஒருத்தர் மட்டும் கொடுத்தா, கொடுக்காதவர் வயலுக்கு வரும்போது பழைய கதைதான். வண்டி வச்சிருக்கிறவங்க அரை கேஜ் வீலையாவது வாங்கணும். அது டயரோட பக்கத்துல போல்ட் போட்டு மாட்டுறது, விட்டம் டயரைவிடக் கொஞ்சம் கம்மி. ரோட்டுல டயர்தான் தரையைத் தொடும், சேத்துல இறங்கினா இரும்பு வேலை செய்யும். ரொம்பப் பள்ளமான வயலுக்கு முழு கேஜ்தான் வேணும், அதை டிரெய்லர்ல ஏத்திட்டு வரட்டும். ஊராட்சிக்காரங்க வாய்க்கால் கரைப் பாதைகளை ஆக்கிரமிப்புல இருந்து மீட்டுக் கொடுத்தா, பாதி வண்டி ரோட்டுக்கே வர வேண்டியதில்லை. எங்க தாத்தா காலத்துல மாடும் ஏரும் போன பாதைங்க அது. இன்னைக்கு ஆளுக்கு ஒரு முழம் வரப்புல சேர்த்துக்கிட்டோம். அதுல நானும் உண்டு.

இதைப் படிக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல ஒரு அஞ்சு மாவோ பத்து மாவோ நிலம் இருக்கும். ஒரு வேலிக்கு இருபது மா, அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்க. சென்னையில இருந்து போன்லயே உழவுக்குச் சொல்லி, கூகுள் பேல காசு போட்டுடுவீங்க. பொங்கலுக்கு வரும்போது "ஊர்ல ரோடு போட்டா ஒரு வருஷம் தாங்க மாட்டேங்குது"ன்னு சொல்லுவீங்க. அடுத்த தடவை உழவுக்குப் போன் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க: "வீல் மாத்த எவ்வளவு சேர்த்துப் போடட்டும்?"

நான் போன போகத்துல இருந்து கொடுக்கறேன். முழுசா ஒரு மணி நேரக் கணக்கு. முதல் தடவை காசைக் கையில வச்சப்போ அந்தத் தம்பி எண்ணிப் பார்த்துட்டு, "அண்ணே, கூட இருக்கு"ன்னு திருப்பி நீட்டினான். "வீல் மாத்தினதுக்குடா"ன்னேன். ஒண்ணும் சொல்லலை. ஜாக்கியை எடுத்துக்கிட்டு வரப்போரம் போய் உட்கார்ந்து கேஜ் வீல் போல்ட்டைக் கழட்ட ஆரம்பிச்சான். நானும் போய் இன்னொரு ஸ்பேனரைப் பிடிச்சேன். ரெண்டு பேரா செஞ்சா இருபது நிமிஷம்தான் ஆகுது.